கேட்டு நுழைய வேண்டிய மலைகள்

(மேகாலயப் பயணமும் பண்பாடும் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘பயணமும் பண்பாடும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். உலகம் முழுவதையும் அதற்குள் அடைத்துவிடலாம். அப்படிப் பேசினால் எதையும் சொல்லாமலே ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதனால் ஒரு சின்ன மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அசாமுக்குத் தெற்கே, வங்கதேசத்துக்கு வடக்கே, சமவெளியிலிருந்து எழுந்து நிற்கும் மேகாலயம். பரப்பளவு 22,429 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே வாழ்ந்தவர்கள் 30 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அதே கணக்கில் சென்னை மாநகரின் மக்கள்தொகையே அதைவிட அதிகம்.

இந்தச் சின்ன இடத்துக்குள் காஸி, ஜெயந்தியா, காரோ என்று மூன்று மலைப்பகுதிகள். காஸி மொழி கம்போடியாவில் பேசும் கெமர் மொழிக்கு உறவு. காரோ மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பக்கத்து மலைக்காரர்கள் இருவரின் மொழிகளுக்கு இடையே உறவே கிடையாது. மேகாலயம் 1970 ஏப்ரலில் அசாமுக்குள் ஒரு தன்னாட்சி மாநிலமாகி, 1972 ஜனவரி 21 அன்று முழு மாநிலம் ஆனது.

அருவி, குகை, மேகம், தெளிந்த ஆறு என்று மேகாலயத்தைப் பற்றி நீங்கள் நிறையப் படங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அந்தப் படங்களில் தெரியாத ஒரு செய்தி. அங்கே நாம் பார்த்து வியக்கும் ஒவ்வொன்றுக்கும் உடைமைக்காரர் உண்டு. காடு ஒரு குலத்துடையது, அருவிக்குப் போகும் வழி ஒரு கிராமத்துடையது, பாலம் நான்கைந்து தலைமுறை வளர்த்தது. அரசு வனத்துறையின் நேரடிப் பொறுப்பில் இருப்பது மாநிலக் காடுகளில் மிகச் சிறிய பகுதிதான். மற்றதெல்லாம் குலங்களுக்கும் ஊர்களுக்கும் தனியாருக்கும் சொந்தம். ஆகவே மேகாலயத்துக்குச் சுற்றுலா போகிறவர், அவர் அறிந்தாலும் அறியாவிட்டாலும், ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார்.

இது இன்றைய சுற்றுலாவோடு வந்த பேச்சு என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பு, மண் யாருடையது என்ற இதே கேள்விக்காக அங்கே ஒரு போர் நடந்தது. 1826இல் யாண்டபோ உடன்படிக்கைக்குப் பிறகு அசாம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. தெற்கே சில்ஹெட் ஏற்கனவே அவர்களிடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் காஸி மலை. மலைக்குக் குறுக்கே ஒரு சாலை போட்டால் படையும் சரக்கும் எளிதாகப் போகும் என்று டேவிட் ஸ்காட் என்ற அதிகாரி விரும்பினார். நோங்க்லாவ் பகுதியின் தலைவர் தீரோத் சிங்கிடம் அனுமதி கேட்டார். காஸித் தலைவரை ‘சியெம்’ என்பார்கள். சியெம் என்றால் வைத்ததே சட்டம் என்ற மன்னர் அல்ல. தர்பாரைக் கூட்டி, குலத்தாரின் ஒப்புதல் பெற்றுத்தான் அவர் எதையும் செய்ய முடியும். தர்பார் கூடியது, பேசியது, சாலைக்கு ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்டது ஒரு சாலைக்கு. ஆனால் அந்தச் சாலை வழியே வரியும் படையும் வரப்போகின்றன என்ற ஐயம் மலையில் பரவியது. 1829 ஏப்ரலில் நோங்க்லாவில் இருந்த ஆங்கிலேயர்களைக் காஸிகள் தாக்கினார்கள். வில்லும் வாளும் கேடயமும் வைத்துக்கொண்டு துப்பாக்கிப் படையோடு நான்கு ஆண்டுகள் சண்டை போட்டார்கள். 1833 ஜனவரியில் தீரோத் சிங் பிடிபட்டார். டாக்காவில் சிறை வைக்கப்பட்டு 1835 ஜூலை 17 அன்று அங்கேயே இறந்தார். இன்றும் அந்த நாளில் மேகாலயம் அவரை நினைவுகூர்கிறது.

அந்த நினைவு இன்னும் ஆறவில்லை என்பதற்கு ரயிலைப் பாருங்கள். மாநிலத்துக்குள் முதல் ரயில் வந்தது 2014 நவம்பரில், காரோ மலையில் உள்ள மெந்திபதாருக்கு. தலைநகர் ஷில்லாங்குக்கு ரயில் கிடையாது. குவாஹாட்டியில் இறங்கி மலையேறித்தான் போக வேண்டும். ரயில் வந்தால் வெளியாட்கள் பெருகி, சொந்த மண்ணில் தாங்கள் சிறுபான்மை ஆகிவிடுவோம் என்று காஸி அமைப்புகள் அதை எதிர்த்து வந்திருக்கின்றன. வெளியிலிருந்து வருவோர் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற ‘இன்னர் லைன் பெர்மிட்’ முறையைக் கோரி 2019 டிசம்பரில் மாநிலச் சட்டப் பேரவை தீர்மானமே போட்டது.

இந்த அச்சத்தின் கறுப்புப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1979இல் வங்காளிகளுக்கு எதிராகவும் 1987இல் நேபாளிகளுக்கு எதிராகவும் ஷில்லாங்கில் கலவரம் நடந்தது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். மண்ணைக் காக்கும் உணர்ச்சி அண்டை வீட்டுக்காரரை விரட்டும் உணர்ச்சியாக மாறுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. மலையைப் புகழும்போது இதை விட்டுவிட்டால் பாதி உண்மைதான் பேசியதாகும்.

மண்ணைக் காக்கச் சட்டமும் இருக்கிறது. அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணையின்படி காஸி, ஜெயந்தியா, காரோ மூன்றுக்கும் தனித்தனித் தன்னாட்சி மாவட்டக் குழுக்கள் உண்டு. நில மாற்றத்தை ஒழுங்குபடுத்த 1971இல் வந்த சட்டம், பழங்குடியினர் அல்லாதவருக்கு நிலம் கைமாறுவதைத் தடுக்கிறது. காஸி நிலத்தில் ஊருக்குப் பொதுவானதை ‘ரி ராய்ட்’ என்றும், குலத்துக்கோ தனியாருக்கோ உரியதை ‘ரி கிந்தி’ என்றும் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ‘தோர்பார் ஷ்னோங்’ என்ற ஊர்ச்சபை இருக்கிறது. ஷில்லாங் நகரத்தின் பல பேட்டைகளிலும் அந்தச் சபைதான் குப்பை முதல் தண்ணீர் வரை கவனிக்கிறது. வடகிழக்கின் பெரிய மரபுச் சந்தைகளில் ஒன்றான ஷில்லாங்கின் இயவ்துவும் மில்லியெம் என்ற பழைய காஸி ஆட்சிப் பகுதியின் பொறுப்பில்தான் நடக்கிறது.

இனி மழைக்கு வருவோம். சிரபுஞ்சி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த ஊரை அங்குள்ளவர்கள் சோரா என்கிறார்கள். 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை அங்கே பெய்த மழை 26,461 மில்லிமீட்டர். அதாவது இருபத்தாறு மீட்டருக்கும் மேல். ஓராண்டில் பெய்த மழைக்கு இன்றுவரை உலகச் சாதனை அதுதான். சராசரிக் கணக்கில் பக்கத்து ஊரான மௌசின்ராம் முந்தி நிற்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி 11,872 மில்லிமீட்டர். சென்னைக்கு ஓராண்டில் கிடைப்பது சுமார் 1,400.

காரணம் எளிது. தென்மேற்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வங்கதேசச் சமவெளியில் தடையே இல்லாமல் ஓடி வருகிறது. வந்த வேகத்தில், ஆயிரம் மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் காஸி மலைச் சரிவில் மோதுகிறது. மேலே ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். இந்த மழையைத் தாங்க முடியாமல்தான் 1860களில் ஆங்கிலேயர் தங்கள் தலைமையிடத்தைச் சோராவிலிருந்து ஷில்லாங்குக்கு மாற்றினார்கள். காஸிகள் மாறவில்லை. மூங்கில் பிளாச்சும் இலையும் கொண்டு ‘க்னூப்’ என்றொரு மழைக்கவசம் பின்னினார்கள். தலையில் மாட்டினால் முதுகு முழுக்க மூடும். குனிந்து நாற்று நடும்போதும் களை பறிக்கும்போதும் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். குடையைக் கண்டுபிடித்தவர் வயலில் வேலை செய்தவராக இருக்க முடியாது!

இவ்வளவு மழை பெய்யும் சோராவில் குளிர்காலத்தில் குடிநீருக்கு அலைய வேண்டியிருக்கிறது. மரம் போன சரிவில் மேல்மண்ணை மழையே அரித்துக்கொண்டு போய்விட்டது. கீழே சுண்ணாம்புப் பாறை. விழுந்த தண்ணீர் நிற்காமல் வங்கதேசத்துக்கு ஓடிவிடுகிறது. மழை பெய்வது வானத்தின் வேலை, அதை நிறுத்திவைப்பது காட்டின் வேலை. காடு போனால் மழை இருந்தும் பயனில்லை.

அந்தச் சுண்ணாம்புப் பாறை இன்னொரு புகழையும் தந்திருக்கிறது. சோராவுக்கு அருகில் மௌம்லூ என்ற குகை. அதன் தரையிலிருந்து சொட்டுச் சொட்டாக வளர்ந்த ஒரு கல்தூணை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை பெரிதாகத் தளர்ந்த தடயம் கிடைத்தது. எகிப்து முதல் சீனம் வரை பல நாகரிகங்கள் தடுமாறிய காலம் அது. அதனால் அன்று தொடங்கி இன்றுவரையான புவியியல் காலத்துக்கு 2018இல் ‘மேகாலயக் காலம்’ என்று பெயர் சூட்டினார்கள். நாம் இங்கே உட்கார்ந்திருக்கும் இந்த நிமிடமும் மேகாலயக் காலத்தில் சேர்ந்ததுதான். உலகத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றிலுள்ள குகை, ஒரு பெரும் வறட்சிக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

மழைக்கு அந்த மக்கள் தந்த மிகப் பெரிய பதில் வேர்ப்பாலம். தெற்குச் சரிவில் வாழும் வார் மக்கள் பாக்கு, வெற்றிலை, ஆரஞ்சு, பிரியாணி இலை பயிரிடுகிறவர்கள். தோட்டத்துக்கும் சந்தைக்கும் போக நூறு ஓடைகளைத் தாண்ட வேண்டும். ஆனி ஆடியில் ஓடை ஆறாகிவிடும். மூங்கில் பாலம் போட்டால் வெள்ளம் அடித்துப் போகும், மரப்பாலம் போட்டால் இரண்டு பருவத்தில் உளுத்துவிடும். அதனால் பாலத்தைக் கட்டாமல் வளர்த்தார்கள். கரையில் சீமை ஆல் என்னும் ரப்பர் அத்தி மரத்தை நடுவார்கள். அது விழுது விடும். அந்த விழுதுகளை, உள்ளே குடைந்த பாக்கு மரத் தண்டுக்குள் விட்டோ மூங்கில் சாரத்தின் மேல் படரவிட்டோ எதிர்க்கரைக்கு இழுப்பார்கள். எதிர்க்கரை மண்ணில் வேர் பிடித்ததும் மேலும் விழுதுகளைப் பின்னி, இடுக்குகளில் கல்லும் மண்ணும் போட்டு நிரப்புவார்கள். ஆள் நடக்கும் பாலமாக அது உறுதிப்பட 15 முதல் 30 ஆண்டுகள் ஆகும். பிறகு, ஆண்டுக்கு ஆண்டு வலுவாகிக்கொண்டே போகும். நூற்றாண்டுகள் தாங்கும்.

சோராவுக்குக் கீழே நோங்ரியாட் என்ற ஊரில் ஒரே மரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குப் பாலம் இருக்கிறது. திர்னா ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான படி இறங்கித்தான் போக முடியும். முழங்கால் வலி உள்ளவர்கள் ரிவாய் ஊரில் உள்ள பாலத்தைப் பார்த்தால் போதும். 2022இல் இந்தப் பாலங்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம் பெற்றன. இவற்றை வளர்த்த பொறியாளர் யார் என்று கேட்டால் ஒரு பெயரும் கிடைக்காது. விழுதை இழுத்துக் கட்டியவர் நடுவயதுக்காரராக இருந்தால், பாலம் தயாராகும்போது அவருக்கு முதுமை வந்திருக்கும். பேரப்பிள்ளைகள் பாக்கு மூட்டையோடு கடக்கப்போகும் பாலத்துக்காகத் தாத்தா தினமும் ஒரு விழுதைத் திருப்பிவிட்டிருக்கிறார்.

அந்தப் பாக்கு மூட்டை எங்கே போயிற்று? கீழே சில்ஹெட் சமவெளிச் சந்தைக்கு. அரிசியும் மீனும் அங்கிருந்து வரும், பாக்கும் ஆரஞ்சும் சுண்ணாம்பும் இங்கிருந்து போகும். 1947இல் சில்ஹெட் பாகிஸ்தானுக்குப் போனது. ஒரே இரவில் தெற்குச் சரிவுக்காரர்களுக்குச் சந்தையே இல்லாமல் போயிற்று. பிரிவினை என்றால் நமக்குப் பஞ்சாபும் வங்காளமும்தான் நினைவுக்கு வருகின்றன. கண்ணுக்கு எதிரே தெரிந்த சந்தை அயல்நாடாகிவிட, அறுவடையை மரத்திலேயே அழுக விட்ட இந்த மலைக்காரர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இரு நாட்டவரும் கூடும் எல்லைச் சந்தை காரோ மலையின் காலைச்சாரில் மீண்டும் திறந்தது 2011இல்தான். தாவ்கியில் உம்ன்கோட் ஆற்றில் படகு அந்தரத்தில் மிதப்பதுபோல் எடுத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது, சற்றுத் தள்ளி எல்லைக் கம்பமும் அதற்கு அப்பால் அந்தப் பழைய சந்தைச் சமவெளியும் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஷில்லாங்கிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் மௌப்லாங். அங்கே லிங்தோ குலத்தாரின் புனிதக் காடு இருக்கிறது. சுற்றிலும் புல்வெளி, மொட்டை மேடு. கோடு கிழித்ததுபோல் ஓரிடத்தில் காடு தொடங்குகிறது. உள்ளே ஓக் மரங்கள், ஆர்க்கிட்கள், பாசி மூடிய நடுகற்கள். காட்டுத் தெய்வமான லபாசா நல்ல காலத்தில் சிறுத்தையாகவும் கெட்ட காலத்தில் பாம்பாகவும் தோன்றும் என்பது நம்பிக்கை. அங்கிருந்து ஒரு இலைகூட எடுத்துப் போகக் கூடாது. நம் பக்கத்தில் ஐயனார் கோயில் காடுகளில் சுள்ளி பொறுக்கப் பயந்த தலைமுறையைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாம் அந்தப் பயத்தைப் பெரும்பாலும் கைவிட்டோம், காடும் போயிற்று. மாநிலத்தில் நான்கில் மூன்று பேர் கிறித்தவர்கள் ஆன பிறகும் மௌப்லாங் காடு நிற்கிறது. மதம் மாறினாலும் குலத்தின் கடமை மாறவில்லை.

மதமாற்றம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1841இல் வேல்ஸ் நாட்டிலிருந்து தாமஸ் ஜோன்ஸ் என்ற பாதிரியார் சோராவுக்கு வந்தார். காஸி மொழிக்கு ரோமன் எழுத்தில் வரிவடிவம் தந்தவர் அவரே. கிறித்தவம் பரவியபோது, சொந்த வழிபாட்டையும் கலையையும் காக்க 1899இல் பதினாறு காஸி இளைஞர்கள் சேர்ந்து ‘செங் காஸி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று ஏப்ரலில் ஷில்லாங்கில் நடக்கும் ‘ஷாத் சுக் மின்சியெம்’ என்ற வசந்த நடனம் அவர்கள் காத்துத் தந்தது. மணமாகாத பெண்கள் தலையில் மகுடமும் கழுத்தில் பவளமும் பொன்னும் அணிந்து, பார்வையைத் தாழ்த்தி, பாதம் தரையை விட்டு எழாமல் உள்வட்டத்தில் நகர்வார்கள். ஆண்கள் வாளும் சாமரமும் ஏந்தி வெளிவட்டத்தில் காவல்போல் சுற்றுவார்கள். நவம்பரில் ஸ்மிட் ஊரில் நோங்க்ரெம் விழா. ஜூலையில் ஜெயந்தியா மலையின் ஜோவாயில் நோயை விரட்டும் பெஹ்தியென்க்லாம், சேற்றில் புரண்டு ஆடுவார்கள். அறுவடைக்குப் பின் காரோ மலையில் சூரியக் கடவுள் சல்ஜோங்குக்கு நன்றி சொல்லி நூறு முரசு முழங்கும் வங்காலா.

அடுத்தது தாய்வழி மரபு. மேகாலயத்தின் மூன்று பெரிய இனங்களிலும் பிள்ளைக்குத் தாயின் குலப்பெயர்தான். காஸிக் குடும்பத்தில் பூர்வீக வீடு கடைசி மகளுக்குப் போகும். அவளைக் ‘கத்தூ’ என்பார்கள். வீட்டோடு சேர்ந்து பெற்றோரைப் பார்த்துக்கொள்வதும், மணமுறிந்து வரும் அக்காவுக்கும் வேலையிழந்து வரும் அண்ணனுக்கும் சோறு போடுவதும் அவள் பொறுப்பு. சொத்து அவளுக்கு வருகிறது என்பதைவிட, சொத்தின் பாரம் அவள் தலையில் வருகிறது என்பதே பொருத்தம். குடும்பத்தின் பெரிய முடிவுகளில் தாய்மாமன் சொல்லுக்குத்தான் எடை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்டவுடன் ‘அங்கே பெண்ணாட்சி’ என்று நம் பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. குலம் பெண்வழி, ஆட்சி ஆண் கையில். மரபான ஊர்ச்சபையில் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. 60 உறுப்பினர் கொண்ட சட்டப் பேரவைக்கு 2023 தேர்தலில் வென்ற பெண்கள் மூன்றே பேர். ஆனால் சந்தையில் பணப்பை பெண் இடுப்பில் இருக்கிறது. தேநீர்க் கடையை நடத்துபவரைக் ‘கொங்’ என்று மரியாதையாக, நாம் அக்கா என்பதுபோல், அழைக்கிறார்கள். இரவு ஏழு மணிக்கு ஒரு பெண் தனியாகக் கடையைப் பூட்டிவிட்டு நடந்து போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சமூகம் புரியும்.

கோங்தோங் என்றொரு மலைக்கிராமம். அங்கே பிள்ளை பிறந்ததும் தாய் அதற்கென்று ஒரு மெட்டு அமைக்கிறாள். வார்த்தையில்லாத ராகம். அந்த ராகம்தான் பிள்ளைக்கு இன்னொரு பெயர். வீட்டுக்குள் கூப்பிட அதன் சிறு துண்டு, காட்டில் இருப்பவரைக் கூப்பிட முழு மெட்டு. குலத்தின் ஆதித் தாயைப் போற்றும் வழக்கமாக இதைக் கருதுகிறார்கள். இப்படி இசையோடு பிறந்தவர்கள் நாட்டில்தான் ஷில்லாங் சேம்பர் காயர் என்ற சேர்ந்திசைக் குழு உருவானது. லூ மஜாவ் என்ற பாடகர் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடி வருகிறார். அதே ஷில்லாங்கில் மாலையில் ‘தீர்’ என்ற வில்வித்தைச் சூதாட்டம். இலக்கில் பாய்ந்த அம்புகளை எண்ணி, அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்துக்குப் பரிசு. அரசு வரி வசூலிக்கும் சட்டப்படியான ஆட்டம். முந்தின இரவு கண்ட கனவுக்கு என்ன எண் என்று விளக்கம் சொல்ல ஆளிருக்கிறது!

சாப்பாடு? பன்றி இறைச்சியும் அரிசியும் சேர்ந்த ஜாதோ, கறுப்பு எள் அரைத்த பன்றிக் குழம்பு, புளிக்கவைத்த சோயா, கருவாட்டுத் துவையல். சைவர்கள் மூக்கைப் பொத்த வேண்டாம். சோறும் கீரையும் பருப்பும் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஜெயந்தியா மலையின் லகாடாங் மஞ்சளை மட்டும் மறக்காமல் வாங்கி வாருங்கள். ஈரோட்டுச் சந்தையைத் தெரிந்தவர்களும் அதன் நிறத்தைப் பார்த்து நிற்பார்கள். அந்த நிறத்தைத் தரும் குர்குமின் அளவு ஏறக்குறைய ஏழு சதவீதம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வருவது ‘க்வாய்’. பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. இதற்கு ஒரு கதை உண்டு. ஒரு பணக்காரனும் ஓர் ஏழையும் நண்பர்கள். ஏழை வீட்டுக்குப் பணக்கார நண்பன் வந்தான். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. விருந்தாளிக்கு எதுவும் தர முடியாத அவமானம் தாங்காமல் கணவனும் மனைவியும் உயிரை விட்டார்கள். அங்கே ஒளிந்திருந்த திருடனும் பழிக்கு அஞ்சி மாண்டான். பணக்காரன் கடவுளிடம் முறையிட்டான்: இனி எந்த ஏழையும் விருந்தாளி முன்னால் தலைகுனியக் கூடாது. அந்த இடத்தில் பாக்கும் வெற்றிலையும் புகையிலையும் முளைத்தன என்று ஒரு வடிவம் சொல்கிறது. அன்றிலிருந்து ஏழை வீட்டிலும் செல்வர் வீட்டிலும் முதல் உபசாரம் ஒன்றுதான். மலைப்பாதையின் தூரத்தை எத்தனை க்வாய் மெல்லும் நேரம் என்று கணக்கிட்டார்கள். இறந்தவரைக் கடவுளின் வீட்டில் க்வாய் மென்றுகொண்டிருக்கிறார் என்கிறார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அந்த மரியாதையின் பொருள் சட்டென்று புரியும். ஆனால் அந்தப் பாக்கு பச்சையும் காரமுமாக இருக்கும்; பழகாதவருக்குத் தலை சுற்றும், வேர்க்கும். ஒரு துண்டு வாங்கிக்கொண்டு கைகூப்பினாலே போதும்.

இதுவரை உடைமை காத்த கதை சொன்னேன். உடைமை அழித்த கதையும் அதே மண்ணில் இருக்கிறது. ஜெயந்தியா மலையில் மேலே நிலத்தை வைத்திருப்பவரே கீழே உள்ள நிலக்கரிக்கும் சொந்தக்காரர். பொதுநிலம் மெல்ல மெல்லத் தனியார் கைக்குப் போனது. பிறகு ‘எலி வளை’ சுரங்கங்கள் வந்தன. ஆழமாகக் குழி தோண்டி, அடியில் பக்கவாட்டில் ஆள் தவழ்ந்து போகுமளவு மட்டும் துளையிட்டு நிலக்கரி எடுப்பது. அமில நீர் கசிந்து ஆறுகளில் மீன் செத்தது. லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலமாக மாறியது. 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் தோண்டினார்கள். 2018 டிசம்பரில் க்ஸான் என்ற இடத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர்கள் சிக்கினார்கள். ஒருவரும் உயிரோடு வரவில்லை.

அதே மாநிலத்தில் இன்னொரு முகமும் உண்டு. தென்மேற்குக் காஸி மலையில் தோமியாசியாட் பகுதியில் யுரேனியம் இருக்கிறது. அங்கே நிலம் வைத்திருந்த ஸ்பிலிட்டி லிங்தோ லாங்ரின் என்ற பெண்மணி, சுரங்கத்துக்கு நிலத்தைக் குத்தகைக்குத் தர மறுத்தார். பெரும் பணம் வருமென்று தெரிந்தும் மறுத்து, 2020இல் இறக்கும்வரை அந்த முடிவில் நின்றார். உம்ன்கோட் ஆற்றில் நீர்மின் திட்டம் பேசப்பட்டபோது, 2021இல் நடந்த கருத்துக் கேட்பில் கிராமத்தார் திரண்டு எதிர்த்தார்கள். ஆக, உடைமை இருந்தால் போதாது. பொறுப்பும் சேர வேண்டும். தனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்தவர் குழி தோண்டினார். தலைமுறைக்குச் சொந்தம் என்று நினைத்தவர் பாலம் வளர்த்தார்.

சுற்றுலா இன்று இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கப்போகிறது? மௌலின்னாங் கிராமத்தை 2003இல் ஒரு பயண இதழ் ஆசியாவின் மிகத் தூய்மையான கிராமம் என்று எழுதியது. ஊரார் மூங்கில் கூடை வைத்துத் தெருவைச் சுத்தமாக வைத்திருந்தார்கள், தங்களுக்காக. இப்போது வண்டி வண்டியாக வருகிறவர்கள் வீட்டு முற்றத்தில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். தூய்மையைப் பார்க்க வந்தவர்கள் விட்டுப்போகும் குப்பையைப் பொறுக்குவது ஊராருக்குக் கூடுதல் வேலை.

ஆகவே போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வழியில் கிராமச் சபை நுழைவுக் கட்டணம் கேட்டால் ‘இதற்குமா காசு?’ என்று முணுமுணுக்காதீர்கள். அந்தப் படிக்கட்டைப் பெருக்கியது அவர்கள். ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போகும்போது அவர் சொல்வதே சட்டம். ஊரார் நடத்தும் தங்குமிடத்தில் தங்குங்கள். வேர்ப்பாலத்தில் கூட்டமாக நின்று குதிக்காதீர்கள், அது உயிருள்ள மரம். நடனமாடும் பெண்ணின் முகத்தருகே கேமராவை நீட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய நாள், கடைகள் மூடியிருக்கும். அந்த ஓய்வைக் குறை சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் போனால் நிலச்சரிவுக்கும் தாமதத்துக்கும் தயாராகப் போங்கள். அக்டோபர், நவம்பரில் போனால் வானம் தெளிந்திருக்கும், அருவிகளிலும் இன்னும் தண்ணீர் இருக்கும். புறப்படுமுன் ‘குப்லேய்’ என்ற ஒரு சொல்லையாவது கற்றுக்கொள்ளுங்கள். வணக்கத்துக்கும் நன்றிக்கும் விடைபெறுவதற்கும் அது ஒன்றே போதும்.

முடிக்கிறேன். தீரோத் சிங்கின் தர்பார் சாலைக்கு அனுமதி கொடுத்தது என்பதை மறக்க வேண்டாம். காஸிகள் வழி மறுத்தவர்கள் அல்ல. கேட்டவருக்குக் கொடுத்தார்கள், கேட்காமல் எடுத்துக்கொள்ள வந்தவரோடு சண்டை போட்டார்கள். இந்த வேறுபாடு மேகாலயத்துக்கு மட்டும் உரியதல்ல. நம் கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் நீலகிரிக்கும் வார இறுதியில் வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர்களும், அந்த மலைகளுக்கும் உரியவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துப் போக வேண்டும். இளைஞர்களே, ஊர் ஊராகப் போங்கள், நிறையப் பாருங்கள். ஆனால் போகும் இடத்தில் முதலில் கேளுங்கள், பிறகு நுழையுங்கள்.